மூன்றாவது பயறு

பானையிலிருந்து ஒரே ஒரு பயறை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, கௌபி என்று நாங்கள் சொல்கிற தட்டைப்பயறு வெந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கணவர் அந்த ரகம்தான். "வெந்திருச்சு, வெந்திருச்சு" என்று இறக்கி வைத்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்த பிறகு பாதிப் பயறு பல்லோடு சண்டைக்கு வரும். "மேலே ஒன்று, நடுவிலே ஒன்று, அடியிலே ஒன்று பார்த்தீர்களா?" என்று கேட்டால், "கௌபிக்கு இத்தனை விசாரணையா?" என்பார். இந்த விசாரணை எங்கிருந்து வந்தது என்ற கதையை அவர் என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறார். கேட்ட பிறகும் இப்படிச் செய்கிறாரே என்பதுதான் என் கோபம்.

விசாரணை என்னுடையது அல்ல. டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த அக்கா ஒருவருடையது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. லயத்திலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் கடைசி வீடு அவருடையது. கடைசி வீட்டை அங்கே தொங்கல் வீடு என்பார்கள். அதனால் எல்லோருக்கும் அவர் தொங்கல் வீட்டக்கா. அதற்கு முந்திய வீட்டில் வாடகைக்கு இருந்தவள் நான். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்து, பொல்பிட்டியவிலிருந்து ஒரு சூட்கேசோடு மேலே ஏறியிருந்தேன். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கொழுந்து பறிக்கிற வேலை. அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார்.

போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கௌபி அவித்தேன். பொல்பிட்டியவில் அம்மா அவிக்கிற கணக்கு எனக்கு மனப்பாடம். முதல் நாளே ஊறவைக்க வேண்டும், அடுப்பில் ஏற்றினால் அரை மணித்தியாலம், அவ்வளவுதான். அப்படியே செய்தேன். வடித்து, உப்புப் போட்டு, தேங்காய்ப்பூ தூவினேன். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் உப்பும் வைத்து இடித்த கட்டச் சம்பலை ஓரமாக வைத்துக்கொண்டு ஆசையாக ஒரு வாய் போட்டேன். கடக்கென்றது. கடைக்காரர் பழைய பயறை என் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டே வீம்புக்கு மென்றேன். லயத்துச் சுவர் மெல்லியது. அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டீச்சர், என்னா, கல்லையா கடிக்கிறீங்க?"

வந்து பார்த்தார். ஒரு பயறை எடுத்து நசுக்கினார். பிறகு கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒன்று. பிறகு அடியைக் கிளறி ஒன்று.

"எவ்வளவு நேரம் வெச்சீங்க?"

"அரை மணித்தியாலம் அக்கா."

"எந்த ஊரு அரை மணித்தியாலம்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த வாரம் வியாழக்கிழமைதான் பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு, உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தேன். 'ஆகவே உணவு வேக அதிக நேரம் எடுக்கும்' என்று கொப்பியில் எழுதவும் வைத்தேன். அந்த உயரமான இடம் என்பது நான் நின்றுகொண்டிருக்கிற இடம்தான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. படத்தில் நான் போட்டிருந்தது இமயமலை.

அதைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பு லயத்தின் மறு தொங்கல் வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்து முடித்துவிட்டு, தானும் இதே தப்பைத் தலைகீழாகச் செய்தவர்தான் என்று சொன்னார். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாராம். போன மறுநாளே கௌபி அவிக்கச் சொன்னார்களாம். தோட்டத்துக் கணக்கில் அடுப்பில் வைத்துவிட்டு வீடு கூட்டப் போய்விட்டார்.

"வந்து பாத்தா கூழு. அந்த வீட்டு நோனா சட்டியத் தூக்கிக் காமிச்சு, இது கௌபியா கஞ்சியான்னு சிங்களத்துல ஏசுனாங்க. என்னா ஏசுறாங்கன்னு வெளங்கிக்கணும்ல, அன்னைக்குத்தான் சிங்களம் படிக்க ஆரம்பிச்சேன். அன்னையில இருந்து நான் மணிக்கூட்ட நம்புறதில்ல டீச்சர். பயறத்தான் கேப்பேன்."

பயறைக் கேட்பது என்றால் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருடைய குசினிக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் ஊறப்போட்டிருப்பார். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஏற்றுவார். அடுப்புக்கு மிலாறு, கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள். கொதிக்கும்வரை நன்றாக எரியவிட்டு, கொதித்த பிறகு இரண்டு குச்சியை வெளியே இழுத்துவிடுவார். உப்புப் போடமாட்டார். "முன்னாடியே உப்பப் போட்டா அதுக்கு ரோசம் வந்துரும், வேகாது" என்பார். விஞ்ஞானத்தில் ரோசத்துக்கு இடமில்லை என்று நான் சொன்னால், "சரி, அப்ப நீங்க போட்டு அவிச்சுப் பாருங்க" என்பார். நான் பார்க்கவில்லை. தோற்க மனமில்லை.

பிறகு நசுக்கல். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த பெருவிரலும் ஆள்காட்டி விரலும். கொதிக்கிற பயறைப் பிடித்தாலும் அந்த விரல்களுக்குச் சுடாது. மேலேயிருந்து ஒன்றை எடுத்து நசுக்குவார். தோல் தனியாகக் கழன்றால் வேகவில்லை. உள்ளே வெள்ளையாக ஒரு பொட்டு நின்றாலும் வேகவில்லை. ஈரத் திருநீறு மாதிரி விரலில் குழைய வேண்டும். அப்படிக் குழைந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டார். நடுவில் ஒன்று. அதுவும் குழைந்தால் அகப்பைக் காம்பால் அடியைப் புரட்டி மூன்றாவது. இரண்டு வெந்து மூன்றாவது வேகாமல் போன நாட்களில் எனக்குப் பசியில் உயிர் போகும்.

"ரெண்டு வெந்துருச்சே அக்கா, போதாதா?"

"சோத்துக்குன்னா ஒன்னு பாத்தா போதும் டீச்சர். அது ஒரே மாதிரி சாதி. இது அப்படி இல்ல. ஒரே மூட்டையில போன வருசத்துப் பயறும் இருக்கும், இந்த வருசத்துப் பயறும் இருக்கும். ஒரே கண்ணு வெச்சிருக்கும், ஒரே நெறமா இருக்கும். மனசு வேற."

இது அடுப்போடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அக்கா எதையுமே மூன்று இடத்தில் பார்க்காமல் நம்பமாட்டார். அவரோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் முதலாளி கௌபி மூட்டையைத் திறந்து வைத்திருப்பார். எல்லோரும் மேலே அள்ளிப் பார்ப்பார்கள். அக்கா முழங்கை வரைக்கும் கையை விடுவார், பிறகு தோள் வரைக்கும். முதலாளிக்கு ரத்தம் கொதிக்கும். "அக்கா, போதும், எடுங்க கைய. மூட்டைக்குள்ளயே எறங்கிருவீங்க போல" என்பார். அக்கா அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யாரு வீட்டுப் பயறு?" என்று கேட்பார். அவருக்கு மட்டும் முதலாளி உள்ளே போய் வேறு மூட்டையிலிருந்து அள்ளி வருவார். பின்னால் நிற்கிற எனக்கும் அதே பயறு கிடைக்கும் என்பதால் அந்தத் தண்டனையை நான் சகித்துக்கொண்டேன்.

பஸ் ஏறுவது அதைவிட மோசம். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் தலவாக்கலையில் நின்றோம். பஸ் வந்தது. முன்னால் பலகையில் ஊர்ப் பெயர் இருந்தது. அக்கா நடத்துநரைக் கேட்டார், டயகம போகும் என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைக் கேட்டார், அவரும் போகும் என்றார். மூன்றாவதாக வடைக்காரரிடம் கேட்கத் திரும்பினார். வடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அக்கா நிதானமாக இரண்டு வடை வாங்கினார். "போகட்டும் டீச்சர். அது நம்ம பஸ்ஸுதான்னு இப்ப உறுதியாயிருச்சுல்ல" என்றார். அடுத்த பஸ்சுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் நின்றோம்.

இதற்கெல்லாம் மேலே அவருடைய கல்யாணக் கதை. அதை அவருடைய கணவர்தான் சொல்வார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அக்கா அவரை மூன்று தடவை பார்த்துவிட்டாராம். கோயில் திருவிழாவில் ஒரு தடவை, தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து களைத்து வரும்போது ஒரு தடவை. மூன்றாவது, அண்ணன் யாரோடோ ரோட்டில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது.

"சண்டை போடறப்ப என்னாத்தப் பாத்த?" என்று அண்ணன் எங்கள் முன்னாலேயே கேட்பார்.

"கோவத்துலயும் வாயில கெட்ட வார்த்தை வருதான்னு பாத்தேன். வரல."

"வந்திருந்தா?"

"எறக்கியிருக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு விட்டிருப்பேன்."

அண்ணனுக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். அதற்காகவே புதிதாக யார் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்பார். மற்றபடி அவர் அவசரக்காரர். அக்காவின் நிதானம் அவருக்குத் தினமும் ஒரு தலைவலி.

எனக்கும்தான். அதை மறைப்பானேன். சில நேரம் இந்தப் பெண்ணுக்கு என்ன சந்தேக வியாதியா என்று நினைத்திருக்கிறேன். அந்த மழை வந்த வாரத்தில் அதை வாய்விட்டே சொன்னேன்.

ஒரு கிழமையாக விடாத மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கிற தேயிலைச் சரிவில் தண்ணீர் நூல் நூலாக வழிந்தது. கீழே வேறொரு தோட்டத்தில் மண் சரிந்ததாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மழைக் கோட்டு போட்ட இளவயதுக்காரர், களைத்த முகம். ரோட்டுப் பக்கமாக இருக்கிற முதல் வீட்டின் பின்னால் போய்ச் சரிவைப் பார்த்தார், மண்ணைக் காலால் அழுத்தினார், போனில் படம் எடுத்தார். திரும்பி வந்து எங்களைப் பார்த்து, "பய வென்ன எப்பா" என்றார். பயப்பட வேண்டாமாம்.

அக்கா முன்னால் போனார். தொங்கல் பக்கம் கையைக் காட்டி, கொழும்பில் ஏச்சு வாங்கிப் படித்த சிங்களத்தில், "சேர், அர பெத்தத் பலன்ன" என்றார். அந்தப் பக்கத்தையும் பாருங்கள் என்று அர்த்தம். அதிகாரி தொங்கலைப் பார்த்தார். அங்கே போகிற பாதை முழங்கால் அளவு சேறு. இன்னும் நாலு தோட்டம் பார்க்க வேண்டும், ஒரே மலைதானே, ஒரே மண்தானே என்று தன்மையாகத்தான் சொன்னார். ஜீப் போய்விட்டது. எங்களுக்கு நிம்மதி. படித்த மனிதர், பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். நானும் நிம்மதிப்பட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டு அடுப்பில் வழக்கம்போல கௌபி கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரை சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஸ்கூல் சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

பள்ளிக்கூட அதிபர் நுவரெலியாவில் வீட்டில் இருந்தார். பக்கத்தில் இருப்பவள் நான்தான் என்பதால் சாவிக் கொத்து என்னிடம் இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"மூணு எடத்துலயும் பாத்துட்டேன். அந்த சார் பாத்த எடம் நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. நடுவுல ஆறாவது வீட்டுப் பின் கதவு நேத்து வரைக்கும் சாத்துச்சு, இன்னைக்கு எறுகிக்கிட்டு சாத்த மாட்டேங்குது. நம்ம தொங்கலுக்குப் பின்னால, மலையில இருந்து விழுற பீலித் தண்ணி பால் தேத்தண்ணி நெறத்துல வருது. எவ்வளவு மழையிலயும் அந்தப் பீலி கலங்குனதில்ல. ஒன்னுதான் டீச்சர் வெந்திருக்கு. ரெண்டு வேகல."

நான் தயங்கினேன். அதிபருக்குப் போன் எடுத்தேன், சிக்னல் இல்லை. அனுமதியில்லாமல் பள்ளிக்கூடத்தைத் திறந்து பன்னிரண்டு குடும்பத்தை உள்ளே விட்டால் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை.

"பதில் சொல்ல நீங்க இருக்கணும்ல டீச்சர்" என்றார்.

சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டேன். தைரியத்தில் அல்ல, அவர் சொன்ன விதத்தில் பயந்துதான்.

எல்லோரையும் கிளப்புவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அதிகாரியே பயமில்லன்னுட்டார், இவ யாரு?" என்றார்கள். அவர் ஒவ்வொரு வீட்டு ஆளாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னார், அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ஆளுக்கொரு டிவியும் கோழியும் அடையாள அட்டை வைத்த பையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அக்கா மட்டும் பாதி வெந்த கௌபிப் பானையைப் பழைய சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "அலுமாரிய விட்டுட்டு இதத் தூக்கிட்டு வாறா பாருங்க" என்று அண்ணன் வழி நெடுகப் புலம்பினார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிற கொட்டகையில் அடுப்பு மூட்டி, விட்ட இடத்திலிருந்து அதை அவித்து முடித்து, முதலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அன்றும் மூன்று பயறு நசுக்கினார்.

இரண்டு நாள் போனது. செவ்வாய்க்கிழமை காலையில் வெயில் வந்தது. அப்படி ஒரு வெயில். மலையெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் எங்கள் லயம் முழுசாகத் தெரியும். தகரக் கூரை மின்னியது. அதைப் பார்த்ததும் ஆளாளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஈரத் துணி, அடைகாக்கிற கோழி, மேயாத மாடு. எனக்கு என் சூட்கேஸ் ஞாபகம். அதில்தான் நியமனக் கடிதமும் பட்டச் சான்றிதழும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பதற்றத்தில் உடுப்பை எடுத்தவள் அதை எடுக்கவில்லை.

கேட்டடிக்குப் போனால், பூட்டிக் கிடந்தது. அக்கா உள்பக்கமாக அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கைக்குள்.

"வெயில் அடிக்குது. இன்னும் என்னா?" என்று அண்ணன் கத்தினார்.

"வெயில் ஒன்னுதான். பீலியப் பாருங்க, இங்கேருந்தே தெரியுது. இன்னும் கலங்கித்தான் வருது. அது தெளியட்டும். தெளிஞ்ச பொறகு அந்தக் கதவு சாத்துதான்னு நானே போய்ப் பாத்துட்டு வாறேன். அது வரைக்கும் ஒருத்தரும் போகக்கூடாது."

"நான் வேலியத் தாண்டிப் போறேன்."

"தாண்டுங்க. முள்ளுக்கம்பியில விழுந்து கால் ஒடஞ்சா இங்கனயே கெடப்பீங்க. அதுவும் நல்லதுதான்."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பள்ளிக்கூடத்தில், என் சாவியை வைத்துக்கொண்டு, என்னையே பூட்டி வைக்கிறார். நாலு வருடப் படிப்பு அந்தச் சூட்கேசில் இருந்தது. பத்து நிமிடம் போதும், ஓடிப் போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்போது நான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"கௌபி அவிக்கத் தெரிஞ்சா மலையைப் பத்தியும் தெரியுமா? உங்களுக்குச் சந்தேக வியாதி அக்கா. சாவியைக் குடுங்க. நான் படிச்சவ."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"ஆமா டீச்சர், படிச்சவங்க. அதான் ஒங்கள விட மாட்டேங்கிறேன்" என்றார். எழும்பவில்லை.

நான் போய் வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டேன். அவரோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு கட்டினேன். பதினொரு மணி இருக்கும். முதலில் நாய்கள் குரைத்தன. பிறகு லொறியில் கருங்கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். ஓடி வந்து பார்த்தபோது எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நின்ற வாக்கிலேயே கீழே நகர்ந்துகொண்டிருந்தன. பாய் ஒன்றை யாரோ இழுப்பது போல. தொங்கல் வீடு போனது. என் வீடு போனது. நடு வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. தூசி எழும்பி அடங்கியபோது ரோட்டுப் பக்கமாக நாலு வீடு மட்டும், கூரை கூட அசையாமல் நின்றன. அந்த அதிகாரி பார்த்த இடம். அவர் சொன்னது உண்மைதான். அந்த இடத்தில் பயமில்லை.

பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டு வாரியாக ஆட்களை எண்ணினார்கள். திரும்பத் திரும்ப எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. அக்கா கையை விரித்து என்னிடம் சாவியை நீட்டினார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்து கிடந்தது. நான் சாவியை வாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை. "கடுதாசி போனாப் போகுது டீச்சர், கொழும்புக்கு எழுதிக் கேட்டா திருப்பித் தருவாங்க" என்றார்.

தந்தார்கள். அந்தப் பிரதிகளை வைத்துக்கொண்டுதான் இடமாற்றம் வாங்கி ஹட்டனுக்கு வந்து, கல்யாணமும் கட்டி, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் அண்ணனும் இறம்பொடைப் பக்கத்தில் உறவுக்காரர்களின் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. உறுதியாகத் தெரியாது. இரண்டு பேரிடம்தான் விசாரித்திருக்கிறேன்.

மண் சரிந்த மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிவாரணம் வந்தது. அரிசி, பருப்பு, ஒரு மூட்டை கௌபி. ஊறவைக்க நேரமில்லை. பெரிய கிடாரத்தில் அப்படியே போட்டு ஏற்றினார்கள். அடுப்படிப் பொறுப்பை யாரும் கேட்காமலேயே அக்காவிடம் விட்டுவிட்டார்கள். அதிகாரிகள் மூன்று ஜீப்பில் வந்தார்கள். அவர்களில் அந்த மழைக் கோட்டு இளைஞரும் இருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை போல. மதியம் தாண்டியதும் எல்லோரோடும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். அவருடைய முறை முதலாவதாக வரும்படி எங்கள் ஆட்களே விட்டுக்கொடுத்தார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டுக்கொடுத்தார்கள். அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று வரிசையை விட்டு எட்டிப் பார்த்தேன். வீடு போனவர் அவர். நாலு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டோம்.

அக்கா கிடாரத்தின் மேலேயிருந்து ஒரு பயறை எடுத்து நசுக்கினார். குழைந்தது. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கினார். அதுவும் குழைந்தது. நீண்ட அகப்பையால் அடியைப் புரட்டி மூன்றாவதை எடுத்தார். அதை அவர் நசுக்கவில்லை. ஊதி ஆறவைத்து, அந்த அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சேர், மேகத் பலன்ன" என்றார். இதையும் பாருங்கள்.

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பயறைப் பார்த்தார். இரண்டு விரலால் நசுக்கினார். தோல் கழன்று தனியாக வந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு பொட்டு. விரலைத் திருப்பி அதைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாக, "வேகல அக்கா" என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு மூடியைப் போட்டு மூடினார். அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினார். நாங்கள் எல்லோரும் தட்டோடு காத்துக்கொண்டிருந்தோம். அவரும் எங்களோடு நின்றார்.